மின்தடை இரவில் உடலின் வெப்பத்தைக் காத்தல்

மார்கழி, தை மாதக் குளிரைப் பற்றி நீலகிரியில் வாழ்வோருக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் விடியற்காலைப் புல்வெளி உறைபனியால் வெளுத்திருப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், மின்சாரம் நின்றுபோன குளிரிரவு வேறு வகையானது. கடந்த சில பத்தாண்டுகளில் நம் வீடுகள் ரூம் ஹீட்டருக்கும், மின்சாரக் கம்பளிக்கும், கீசருக்கும் பழகிவிட்டன. ஒரு கற்பூரமரமோ சீகை மரமோ மின்கம்பியின்மீது சாய்ந்தால், அவை யாவும் ஒரே கணத்தில் பயனற்றுப் போகின்றன. 1932-ஆம் ஆண்டிலேயே பைக்காராவில் நீர்மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிய மலை இது; எனினும் சரிவான பாதையில் விழுந்த மரத்தை இருளில் அகற்றிக் கம்பியை மீண்டும் இணைப்பதற்கு ஓர் இரவு முழுவதும், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகிறது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியோரையும், முதியோரையும், பச்சிளங்குழந்தைகளையும் அத்தகைய இரவில் எவ்வாறு காப்பது என்பதே இவ்விதழின் பாடம். இதில் இரண்டு அபாயங்கள் உள்ளன. ஒன்று குளிர், மற்றொன்று, குளிரைப் போக்குவதற்காக அறைக்குள் நாம் மூட்டும் நெருப்பு. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரின்போது 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது. குளிருக்கென்று கட்டப்படாத வீடுகள் அவை. அம்மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்ட 246 இறப்புகளுள் பெரும்பாலானவை குளிரால் நேர்ந்தவை. 19 பேர் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவால் இறந்தனர். நம் வீடுகளும் பெரும்பாலும் குளிருக்கெனக் கட்டப்பட்டவை அல்ல. ஆகையால் இவ்விரு அபாயங்களும் நமக்கும் உரியவையே.

வெப்பம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறத்தாழ 80 முதல் 100 வாட் வரை வெப்பத்தை இடைவிடாது வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்கு இணையான வெப்பம் அது. ஒரு சிறிய அறையில் நால்வர் கூடியிருந்தால், மின்சாரம் எதுவுமின்றியே 300 அல்லது 400 வாட் வெப்பம் அங்கே உண்டாகிறது. ஆகவே, நம்மிடம் வெப்பம் இல்லை என்பதன்று. இருக்கும் வெப்பத்தை நாம் வீணே வெளியேற விடுகிறோம் என்பதே உண்மை.

அது வெளியேறும் வழிகளுள் நாம் அதிகம் கவனிக்காதது தரை. சிமெண்டுத் தரையும் டைல்ஸ் தரையும் காலிலிருந்தும், படுத்திருக்கும் முதுகிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே மூன்று கம்பளி போர்த்தியும் நடுங்குபவர்கள் பலர், கீழே ஒரு மெல்லிய பாய் மட்டுமே விரித்திருப்பார்கள். கீழே விரிப்பது மேலே போர்த்துவதற்கு நிகராக இன்றியமையாதது. சாக்கு, அட்டைப்பெட்டியைப் பிரித்த அட்டை, பழைய நாளிதழ்கள், அவற்றின்மேல் பாய், அதன்மேல் மெத்தை அல்லது ஜமுக்காளம் என்று அடுக்கலாம். கட்டிலில் படுப்போரும் மெத்தைக்கு மேல் ஒரு கம்பளியை விரித்துப் படுப்பது நன்று.

அடுத்தது ஈரம். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. மழையில் நனைந்த காலுறையுடன் அமர்ந்திருப்பவரை எந்தக் கம்பளியும் காக்காது. முதலில் ஈரத்தைக் களைந்து உடலைத் துடைத்து உலர்ந்த துணி உடுத்துவித்த பின்னரே போர்த்த வேண்டும். இரவில் சிறுநீரால் படுக்கை நனையும் முதியவர்களை வீட்டார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் தொட்டுப் பார்ப்பது அவசியம்.

ஆடையைப் பொறுத்தவரை, தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று மேல். அடுக்குகளுக்கிடையே அகப்படும் காற்றே வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. தலைக்குக் குல்லாவும், கழுத்துக்கு மஃப்ளரும், காலுக்கு இறுக்கமில்லாத கம்பளிக் காலுறையும் வேண்டும். இறுக்கமான காலுறை இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் பாதத்தை மேலும் குளிரச் செய்யும்.

ஒரே அறையில் கூடுதல்

மின்சாரம் நின்று, விரைவில் வராது என்று தெரிந்தவுடன், வீடு முழுவதையும் காக்கும் முயற்சியைக் கைவிடுங்கள். சிறியதும், சன்னல் குறைந்ததும், கூரை தாழ்ந்ததுமான ஓர் அறையைத் தேர்ந்து குடும்பத்தினர் அனைவரும் அதற்குள் வந்துவிடுங்கள். தோடர்களின் மரபான இல்லங்களில் வாயில் தவழ்ந்து நுழையும் அளவே உயரமாக இருப்பதன் பயனை அந்த இரவில் உணரலாம். மற்ற அறைகளின் கதவுகளை மூடி, கதவின் அடியிலுள்ள இடைவெளியில் சுருட்டிய சாக்கையோ பழந்துணியையோ வையுங்கள். சன்னல் கண்ணாடிக்குத் திரை போதாது. அதன்மேல் ஒரு போர்வையையும் தொங்கவிடலாம். எரியும் பொருள் எதுவும் உள்ளே இல்லாதவரையில் இவ்வாறு அடைப்பதால் தீங்கில்லை. இந்நிபந்தனையை நினைவில் கொள்ளுங்கள்.

பகலில் மின்சாரம் வராவிடில், திரைகளை விலக்கி வெயிலை உள்ளே விடுங்கள். குளிர்காலத்தில் சூரியன் தென்வானில் செல்வதால் தெற்கு நோக்கிய அறையே அதிகம் சூடேறும். மாலை நான்கு மணிக்குள் திரைகளை மீண்டும் மூடிவிடுவது நல்லது. மேகமற்ற வானம் இருந்தால் அன்றிரவு குளிர் மிகுதியாக இருக்கும்.

சமையல் எரிவாயு இருக்கும் வீடுகளில், படுக்கைக்குச் செல்லுமுன் சமையலறையிலேயே கஞ்சியோ, சுக்குக் காப்பியோ, சூப்போ காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துக்கொள்ளலாம். உணவு செரிக்கும்போதும் உடலில் வெப்பம் உண்டாவதால் வெறும் வயிற்றோடு உறங்கலாகாது. மதுவைப் பற்றி ஒரு சொல். குடித்தவுடன் தோலின் இரத்தக்குழாய்கள் விரிவதால் சூடு ஏறியது போலத் தோன்றும்; உண்மையில் உடலின் உட்புற வெப்பம் அவ்வழியே வெளியேறிக்கொண்டிருக்கும். அதோடு நடுக்கமும் குறைந்துவிடும். குளிருக்கு மருந்தென்று அதை முதியவர்களுக்குக் கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் எவ்வகையிலும் ஏற்கவில்லை.

கணப்பும் கரியடுப்பும்

இப்பாடத்தின் முதன்மையான பகுதி இதுவே. வேறெதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமேனும் படிக்குமாறு வேண்டுகிறோம்.

கரி எரியும்போது போதிய ஆக்சிஜன் கிடைக்காவிடில் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ அது உறுத்துவதுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் பிணைகிறது. ஆகையால் அறையில் காற்று இருந்தும், மூச்சு ஓடிக்கொண்டிருந்தும், மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் சென்று சேர்வதில்லை. முதலில் தலைவலி, பின்னர் தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு. உறங்கிக்கொண்டிருப்பவர் இவற்றை உணராமலேயே மயக்கத்துக்குள் சென்றுவிடுவார். மலைச் சுற்றுலா விடுதிகளில் பார்பெக்யூ அடுப்பை அறைக்குள் எடுத்துச்சென்று உறங்கியவர்கள் காலையில் எழவில்லை என்னும் செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

“புகை அடங்கிய பிறகுதான் உள்ளே வைக்கிறோம்” என்று பல குடும்பத்தினர் கூறுகின்றனர். புகை என்பது எரியாத துகள். அது அடங்கியதால் நச்சுவாயு அடங்கியதாகாது. சிவந்து கனலும் கங்கும், சாம்பல் பூத்து உள்ளே மட்டும் கனன்றுகொண்டிருக்கும் கங்கும் அவ்வாயுவைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. கண்ணுக்குப் புகை தெரியாத கங்கே மிகுந்த நம்பிக்கையை ஊட்டுகிறது. அதனாலேயே அது மிகவும் கொடியது.

“எங்கள் பாட்டி காலம் முழுவதும் குமுட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே படுத்தார்?” என்பது மற்றொரு கேள்வி. நியாயமான கேள்விதான். பாட்டி படுத்த வீட்டை நினைத்துப் பாருங்கள். ஓட்டுக் கூரை; ஓடுகளுக்கிடையே இடைவெளி; பொருந்தாத மரக்கதவு; சுவருக்கும் கூரைக்கும் நடுவே கைநுழையும் சந்து. கங்கின் வாயு அவ்வழியே வெளியேறியது. பழைய பங்களாக்களில் கணப்புக்கு மேலே புகைபோக்கி இருந்தது. இன்றைய வீட்டில் காங்கிரீட் தளமும், இறுகப் பொருந்தும் அலுமினியச் சன்னலும், அடியில் ரப்பர் பட்டை ஒட்டிய கதவும் உள்ளன. குமுட்டி மாறவில்லை, வீடு மாறிவிட்டது.

உயரத்தையும் இங்கே கருத வேண்டும். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டியதே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைவு. இதய நோயாளிக்கும், நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கும், இரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கும், அக்கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் நச்சுவாயுவின் சிறிய அளவும் பெருந்தீங்காக முடியக்கூடும்.

சன்னலைச் சற்றுத் திறந்துவைத்தால் போதுமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் மறுமொழி: போதாது. காற்று எத்திசையில் வீசும், எவ்வளவு வெளியேறும் என்பதை எவராலும் உறுதிகூற இயலாது. கரியடுப்பு, விறகுக்கங்கு, மண்ணெண்ணெய் அடுப்பு, எரிவாயு அடுப்பு ஆகிய எதனையும் அறையைச் சூடாக்கும் கருவியாகப் பயன்படுத்த வேண்டாம். ஜெனரேட்டரை வராந்தாவிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, சன்னலுக்குக் கீழேயோ வைக்கலாகாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் வைக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோதும் இயங்குவதால் பலர் நாடும் கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதனைக் குளியலறைக்கு வெளியே பொருத்தியிராவிடில், அன்றைக்குக் குளிக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டியபின் கங்கில் சாம்பிராணி இட்டு, கதவைச் சாத்திப் புகை காட்டும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. அன்பினால் செய்யப்படுவது அது. எனினும், வளர்ந்துவரும் நுரையீரலுக்கு அப்புகையும் கங்கின் வாயுவும் தீங்கானவை. உலர்ந்த துணியால் தலையைத் துவட்டிக் குல்லா அணிவித்தால் போதுமானது.

ஒரே அறையில் இருந்த இருவர் அல்லது மூவருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் தோன்றினால், வேறு காரணத்தைத் தேடாதீர்கள். உடனே அனைவரையும் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். இங்கே ஒரு முக்கியமான செய்தி: கொரோனாக் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அது கார்பன் மோனாக்சைடு பிணைந்த இரத்தத்தையும் ஆக்சிஜன் பிணைந்த இரத்தம் என்றே தவறாகக் கணக்கிட்டு 97, 98 என்று காட்டும். அந்த எண்ணை நம்பி வீட்டிலேயே இருந்துவிடலாகாது. மருத்துவமனையில் தரப்படும் தூய ஆக்சிஜனே சிகிச்சை. சாதாரணக் காற்றில் நச்சுவாயுவின் அளவு பாதியாகக் குறைவதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடிவழித் தூய ஆக்சிஜன் பெற்றால் அது ஒன்றரை மணி நேரத்தளவாகச் சுருங்கும்.

முதியோரிடம் காண வேண்டிய குறிகள்

உடலின் உட்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இறங்குவதையே உடல்வெப்பக் குறைவு என்கிறோம். பாரன்ஹீட் அளவில் அது 95 டிகிரி. இதற்கு வெளியே உறைபனி இருக்க வேண்டும் என்பதில்லை. குளிர்ந்த அறையில் நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருக்கும் முதியவருக்கும் அது நேரலாம். முதுமையில் தசை குறைகிறது, நடுக்கம் வலுவிழக்கிறது, குளிர்கிறது என்னும் உணர்வே மங்குகிறது. தைராய்டு குறைவுள்ளவர்கள், உறக்க மாத்திரை உட்கொள்வோர், பக்கவாதத்தால் படுத்திருப்போர் ஆகியோர் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள். “எனக்கொன்றும் குளிரவில்லையப்பா” என்று தாத்தா கூறுவதைக் கொண்டு அமைதியடையாமல், ஆடைக்குள் கைவிட்டு அவர் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். கையும் காலும் குளிர்ந்திருப்பது இயல்பு. வயிறு குளிர்ந்திருப்பது இயல்பன்று.

பேச்சுக் குழறுதல், நடை தடுமாறுதல், பொத்தான் போட இயலாமல் விரல் நழுவுதல், காரணமற்ற தூக்கம், குழப்பம் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் வெப்பமடையாமலேயே நடுக்கம் நின்றுபோனால், அது தேறுதல் அன்று. நிலை முற்றியதன் அடையாளம். வீட்டு வெப்பமானிகளின் அளவுகோல் பெரும்பாலும் 94 அல்லது 95 டிகிரி பாரன்ஹீட்டில்தான் தொடங்குகிறது. ஆகையால் பாதரசம் ஏறவே இல்லையென்றால், கருவி பழுது என்று எண்ணாமல் மருத்துவ உதவியை நாடுங்கள்.

உதவி வரும்வரை, மார்பு, வயிறு, கழுத்து ஆகிய நடுவுடலை முதலில் போர்த்திச் சூடாக்குங்கள். ஒருவர் அவரோடு ஒரே போர்வைக்குள் அணைத்துப் படுத்துக்கொள்ளலாம். கை கால்களைத் தேய்த்துவிட வேண்டாம். குளிர்ந்த உடலை அசைக்கும்போது மென்மை வேண்டும்; அதிர்ச்சியால் இதயத்துடிப்பு தாறுமாறாகக்கூடும். முழு நினைவோடு விழுங்க இயன்றால் மட்டும் சர்க்கரை சேர்த்த சூடான பானம் தரலாம்.

வெந்நீர்ப் பை பயனுள்ளதே. மூன்றில் இரண்டு பங்கு மட்டும், கொதிக்காத சூட்டில் நீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றிப் படுக்கையில் முன்கூட்டியே வைத்து, படுக்கும்போது எடுத்துவிடுவது சிறந்த முறை. நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர்கள் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உறங்கலாகாது. சூடு தெரியாமலேயே தோல் வெந்து, ஆறாத புண்ணாகி, விரலை இழக்கும் நிலைவரை அது செல்லக்கூடும்.

பச்சிளங்குழந்தை

பிறந்த குழந்தையால் நடுங்கி வெப்பம் உண்டாக்க இயலாது. அதற்கு மிகச்சிறந்த கணப்பு தாயின் மார்பே. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1970-களின் இறுதியில் இன்குபேட்டர்கள் போதாமையால் கையாளப்பட்ட கங்காரு முறை, இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. டயப்பரும் குல்லாவும் காலுறையும் மட்டும் அணிவித்த குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். குழந்தையின் முகமும் மூக்கும் திறந்திருக்க வேண்டும். தாய் விழித்திருக்க வேண்டும். அவர் களைத்தால் தந்தையோ பாட்டியோ மாற்றிக்கொள்ளலாம். வெந்நீர்ப் பையைக் குழந்தையின் அருகில் வைக்கவே வேண்டாம்.

மருந்தும் கருவியும்

குளிர்சாதனப்பெட்டி நின்றுவிட்டதே என்று இன்சுலினைக் குறித்து அஞ்சுவோர் பலர். நம் மலையில் அவ்வச்சம் தேவையற்றது. பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் சாதாரண அறைவெப்பத்தில் பொதுவாக நான்கு வாரங்கள்வரை கெடுவதில்லை. இங்கே நாம் அஞ்ச வேண்டியது உறைதலையே. சன்னலுக்கு வெளியே வைத்து இன்சுலின் உறைந்துவிட்டால், மீண்டும் உருகினாலும் அது பயன்படாது, எறிந்துவிட வேண்டியதுதான். சர்க்கரை அளவிடும் குளுக்கோமீட்டர் கடுங்குளிரில் பிழை காட்டும். அதனை ஸ்வெட்டர் பைக்குள் வைத்திருங்கள். நடுக்கமும் குழப்பமும் சர்க்கரை தாழ்வதாலும் நேரும் என்பதால், நீரிழிவு நோயாளி நடுங்கினால் முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள்.

ஆஸ்துமா நோயாளிகள் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொண்டு மூச்சுவிட்டால் காற்று சற்று வெதுவெதுப்பாக உள்ளே செல்லும். இன்ஹேலர் குளிர்ந்துபோனால் மருந்து சரிவரப் பீச்சாது; உள்ளங்கையில் சிறிதுநேரம் வைத்திருந்து பயன்படுத்துங்கள். நெபுலைசர் இயங்காதபோது ஸ்பேசருடன் இன்ஹேலர் பெரும்பாலோருக்கு அதே அளவு பயன் தரும். எத்தனை முறை என்பதை முன்னரே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்போருக்கு மாற்று ஏற்பாடு கட்டாயம். பி-வகை சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் அது 12 மணி நேரம் வரும். ரெகுலேட்டரும் திறவுகோலும் சிலிண்டரோடு கட்டப்பட்டிருக்கிறதா, அதைத் திறக்கத் தெரிந்தவர் வீட்டில் இருவரேனும் உண்டா என்று இன்றே பாருங்கள். ஆக்சிஜன் உள்ள அறையில் மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, விளக்கு எதுவும் ஏற்றலாகாது, டார்ச் போதும். சிலிண்டர் பாதியாகக் குறைந்தும் மின்சாரம் வரவில்லையெனில், முள் சிவப்புக்கு வரும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இரவில் சாலையில் மரம் விழுந்திருந்தால் அரைமணிப் பயணம் இரண்டு மணி நேரமாகலாம். மின்தடையை மின்னகத்தின் 94987 94987 என்னும் எண்ணில் தெரிவிக்கும்போது, வீட்டில் ஆக்சிஜன் நோயாளி இருப்பதையும் சொல்லுங்கள்.

மின்சாரம் நின்றவுடன் ரூம் ஹீட்டர், மின்சாரக் கம்பளி, இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். நள்ளிரவில் அனைவரும் உறங்கும்போது மின்சாரம் திரும்பி, போர்வை படிந்த ஹீட்டர் தானே சூடேறினால் தீப்பற்றும். எப்போது வந்தது என்று அறிய, ஒரே ஒரு விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டு வைத்தால் போதும்.